நான் வெட்டிய ‘பாரு’

எனக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்ற திமிர் எனக்கு ரொம்ப நாளாக இருந்தது. இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. குறைத்தது ஒரு கடலடிக் கல்.

நான் செய்கிற வேலைக்கு எங்கள் வீட்டில் இன்னும் சரியான பெயர் கிடையாது. யாரோ பேசிப் பதிவு செய்த ஒலியைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டு, அதை எழுத்தாக்கிக் கொடுப்பேன். என் கணவர் சொந்தக்காரர்களிடம், “அவளுக்கு இன்னா, பாட்டு கேட்டுகினே வேல பாக்குறா” என்பார். அவருக்கு மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ் அவரை ஏற்றிக்கொண்டு போனதும், நான் சமையலறை மேடையைத் துடைத்துவிட்டு அங்கேயே லேப்டாப்பை வைத்துக்கொண்டு நின்றுவிடுவேன். அதற்கு முன்னால் செங்கல்பட்டில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பள்ளி நிர்வாகத்துக்கு அது ஒத்துவரவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது திருக்கழுக்குன்றம் மலைக்குக் கீழே, ஊரைத் தள்ளி இருந்த எங்கள் தெருவில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். பிறகு அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. வீட்டில் எல்லாருக்கும் ‘இன்னா’தான், ‘கீது’தான். பள்ளியில் நான் ஒருநாள் எழுந்து நின்று “இங்கதான் கீது சார்” என்றபோது வகுப்பு முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து என் நாக்கைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். கல்லூரி முடிக்கும்போது என் பேச்சை வைத்து நான் எந்தத் தெரு என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதில் எனக்கு அவ்வளவு பெருமை. இந்தத் தப்புக்கு விதை அங்கேதான் இருக்கிறது என்பது எனக்கு நாற்பத்து மூன்று வயதில்தான் தெரிந்தது.

பொத்தேரியில் ஓர் ஆய்வு அலுவலகம் எனக்குத் தொடர்ந்து வேலை கொடுத்து வந்தது. அங்கிருந்து ஒருநாள் கடல் காற்றாலை பற்றிய வேலை வந்தது. ஒரு கம்பெனி, கரையிலிருந்து தொலைவில் கடலுக்குள் தூண் இறக்கிக் காற்றாலை நிறுத்த இடம் பார்த்துக்கொண்டிருந்தது. கரையோர மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொடுப்பது பொத்தேரி அலுவலகத்தின் பங்கு. பொறுப்பாளர் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். நடுக்கடலில் வெள்ளை வெள்ளையாகத் தூண்கள், ஒவ்வொன்றின் தலையிலும் மூன்று இறக்கை. கீழே ஒரு கப்பல் சோப்பு டப்பா அளவுக்குத் தெரிந்தது. நான் அப்படியே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். கரி இல்லை, புகை இல்லை, காற்றைப் பிடித்து விளக்கு ஏற்றப்போகிறார்கள். மனிதன் சாமான்யப்பட்டவன் இல்லை என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பொறுப்பாளர் ஒரு விதியையும் சொல்லியிருந்தார். “மேடம், இந்த இடத்துல நாங்க தொழில் செய்யறோம்னு ஊர்க்காரங்க பேர் வச்சு ஏதாவது சொன்னா அதை விட்டுடாதீங்க. அப்படிச் சொன்னா, கடல் வரைபடத்தோட அந்தக் கட்டத்துல தூணுக்கு இடம் குறிக்கறதுக்கு முன்னாடி அவங்களையும் கூட்டிட்டுப் போய் முழுசா ஆராயணும். சொல்லலைன்னா மேலோட்டமா பார்த்தது போதும்.” இது சாதாரண விஷயம், நான் விடுவேனா என்று நினைத்தேன்.

பதிவு திருவிடந்தையை ஒட்டிய ஒரு மீனவர் குப்பத்தில், மீன் ஏலம் விடும் கூடத்தில் நடந்தது. மூன்று மணி நேரம். காற்று இரைச்சல், காக்கா, குழந்தை அழுகை, எல்லாரும் ஒரே நேரத்தில் பேச்சு. நான் பொறுமையாகக் கேட்டேன். எழுத்தாக்கும்போது அசைச்சொற்களை வெட்டிவிட வேண்டும் என்பது அலுவலக வழக்கம். ‘ம்’, ‘வந்து’, ‘அது இன்னான்னா’ என்று பேச்சுக்கு நடுவில் அர்த்தமில்லாமல் வருவதெல்லாம் போய்விடும். அவர்கள் கொடுத்த பட்டியலில் நானாக ஒரு சொல்லைச் சேர்த்தேன். ‘பாரு’. எங்கள் அம்மா வாயில் வாக்கியத்துக்கு ஒரு ‘பாரு’ வரும். “நேத்து போனேன் பாரு, அவ இல்ல பாரு.” அதை நான் நன்றாக அறிவேன் அல்லவா. அந்தக் குப்பத்துக்காரர்கள் பேச்சில் அது கொட்டிக் கிடந்தது. ஒவ்வொன்றாக வெட்டினேன்.

“வடக்கால ரெட்ட பாரு, அத்தாண்ட கோயிலு பாரு” என்று ஒருவர் சொன்னார். ‘பாரு’க்களை எடுத்தால் ‘வடக்கே இரட்டை, அதற்கு அப்பால் கோயில்’ என்று நின்றது. கடலுக்குள் கோயில். மாமல்லபுரத்துப் பக்கம் பிறந்த யாருக்கும் அது தெரிந்த கதைதானே, கடல் கொண்ட கோயில்கள். சரி, பழங்கதை சொல்கிறார்கள் என்று முடிவு செய்து, ‘நம்பிக்கைகளும் வாய்மொழிக் கதைகளும்’ என்று ஒரு தலைப்புப் போட்டு அதன் கீழே அழகாக எழுதிவைத்தேன். ஒரு பெண் குரல், “பேரு சொல்லிட்டோம், எடம் மட்டும் கேக்காதே” என்றது. அவர்கள் தங்கள் சொந்தப் பெயர்களைச் சொல்லிவிட்டார்களாம், விலாசம் கேட்க வேண்டாம் என்கிறார்களாம். அப்படித்தான் எழுதினேன். என் கையை உடைக்க வேண்டும்.

பொங்கல் கழிந்து சில வாரங்களில் அறிக்கையின் சுருக்கத்தை அதே கூடத்தில் மக்களுக்குப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. உச்சரிப்பு நன்றாக இருக்கும் என்று பொறுப்பாளர் என்னையே அழைத்தார். நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். தரையில் பெண்கள், தூண்களில் சாய்ந்து ஆண்கள். ஒரு வரைபடத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கடல் கட்டம் கட்டமாக இருந்தது. அந்தக் குப்பத்துக்கு நேரே உள்ள கட்டத்தில் மூன்று சிவப்புப் புள்ளிகள், மூன்று தூண்கள். கட்டத்தின் மேல் ‘மணற்பரப்பு, காலி’ என்று எழுதியிருந்தது.

கணீரென்று படித்தேன். “இப்பகுதியில் பெயர் குறிப்பிடத்தக்க மீன்பிடி இடம் எதுவும் மக்களால் கூறப்படவில்லை” என்ற வரி வந்தபோது கூடம் அமைதியாகிவிட்டது. புரியவில்லை போலிருக்கிறது என்று மறுபடி படித்தேன்.

தூணில் சாய்ந்திருந்த ஒருவர் நிமிர்ந்தார். என் வயதுதான் இருக்கும், வெயிலில் வெளுத்த சட்டை. “இன்னா மேடம் படிக்கிற? மூணு மணி நேரம் சொன்னமே. கோயிலு பாரு எங்க?”

நான் திரும்பித் திருவிடந்தைக் கோயில் இருக்கும் திசையைப் பார்த்தேன்.

கூடமே சிரித்தது. அந்த நாள் வகுப்பறைச் சிரிப்பு அப்படியே திரும்பி வந்த மாதிரி எனக்குக் காது சூடாகிவிட்டது. “பார்த்தேன், அதுக்கு என்ன இப்போ?” என்று வெடுக்கென்று கேட்டேன். சிரிப்பு இன்னும் கூடியது. முன்வரிசையில் இருந்த பெண் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவர் அந்த மனிதரின் மனைவி, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மீன் விற்பவர் என்று பிறகு தெரிந்தது. அவர் ஒரு குழந்தைக்குச் சொல்வதைப் போல நிதானமாகச் சொன்னார்: “யக்கா, பாருன்னா பாக்குறது இல்ல. கல்லு. கடலுக்கு அடியில கீற கல்லு. அங்கதான் மீனு நிக்கும். கோயிலுப்பாரு, ரெட்டப்பாரு, நடுப்பாரு. அத்த வச்சுதான் எங்களுக்கு அடுப்பு எரியுது.”

பார். அகராதியில் நான் எத்தனையோ தடவை பார்த்த சொல். கடலடிப் பாறை. பேச்சில் அது ‘பாரு’ ஆகும் என்று எம்.ஏ. படித்த என் மண்டைக்குத் தோன்றவில்லை. சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தேன். காலி. எங்கள் தெரு இருந்த இடத்துக்கும் ஒரு காலத்தில் தாலுகா ஆபீஸ் காகிதத்தில் காலி என்றுதான் எழுதியிருந்தது. முப்பது குடும்பம் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த இடத்துக்குக் காலி. அப்பா அதை மாற்றி மனைப்பட்டா வாங்க நடந்த நடை எனக்குத் தெரியும். அதே சொல்லை இப்போது நான் என் கையால் இன்னொருவர் அடுப்புக்கு மேல் எழுத வைத்திருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து பதிவை முதலிலிருந்து கேட்டேன். வெட்டிய ஒவ்வொரு ‘பாரு’வும் இப்போது கல்லாகக் காதில் விழுந்தது. ஒன்பது பெயர்கள். எந்தப் பாரில் எந்த மாதம் சங்கரா மீன் நிற்கும், எதில் சிங்கி இறால் பொந்துக்குள் இருக்கும், தெற்கிலிருந்து நீரோட்டம் வந்தால் எங்கே போவார்கள், ஆமை வரும் காலத்தில் எந்தப் பாரில் வலை போடக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு, எல்லாம் சொல்லியிருந்தார்கள். “பேரு சொல்லிட்டோம், எடம் மட்டும் கேக்காதே” என்ற குரல் அந்த மீன்காரப் பெண்ணுடையது. இடம் வெளியே தெரிந்தால் கடலடியை வாரி வலை இழுக்கும் இழுவைமடிப் படகுகள் வந்து ஒரே வாரத்தில் கல்லைச் சுரண்டிப்போட்டுவிடும். அதனால் ஊர் கூடிப் பேசி, பெயர் மட்டும் சொல்வது என்று முடிவு செய்து வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பெயரே போதும் என்பது விதியை வைத்துப் பார்த்தால் சரியான கணக்குதான். அதை நான் ஒருத்தி கெடுத்திருக்கிறேன்.

மறுநாள் பொத்தேரிக்குப் போனேன். பொறுப்பாளர் நல்ல மனிதர், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும், எப்போதும் தூக்கம் போதாத முகம். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு மேஜை நாட்காட்டியை இழுத்துப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழமை அறிக்கை போகுது மேடம். தூணுக்கு இடம் குறிச்சாச்சு. கோடு கோடா படகு ஓட்டி, சோனார்ல ஒலி அனுப்பிக் கடலடியைப் பார்த்ததுலயும் மணல்னுதான் வந்திருக்கு.”

“நீங்க படகு ஓட்டின கோட்டுக்கு அடியில மணல் இருக்கும். ரெண்டு கோட்டுக்கு நடுவுல என்ன இருக்குன்னு யார் பார்த்தது?”

அவர் கையை உயர்த்தி என்னை அடக்கினார். “சண்டை போடாதீங்க, ஒரு வழி இருக்கு. அந்தக் கோயிலுப்பாரோட ஜி.பி.எஸ். எண்ணை மட்டும் வாங்கிட்டு வாங்க. புதுத் தகவல்னு சேர்த்துடறேன். புள்ளியை நகர்த்திடுவாங்க. உங்க தப்பு யாருக்கும் தெரியாது.”

“இன்னொரு வழி?”

“எழுத்தாக்கத்துல பிழைன்னு நீங்க கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். அப்போ பழைய பதிவே சாட்சி. எண் தேவையில்லை. ஆனா அதுக்கப்புறம் என்னால உங்களுக்கு வேலை அனுப்ப முடியாது. நீங்க இதுவரைக்கும் செஞ்ச எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க.”

வீட்டில் இதைச் சொன்னபோது கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, “அவரு சொல்ற மொதல் வழிதான் சரி. யாருக்குத் தெரியப்போவுது?” என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மறைக்க ஒரு கதவு திறந்திருக்கும்போது யார் நடுவீதியில் போய் நிற்பார்கள்?

குப்பத்துக்குப் போய் ஊர்க் கூட்டத்தில் எண்ணைக் கேட்டேன். பெரிய வாக்குவாதம் நடந்தது. கடைசியில், தூண் வந்து கல்லின் தலையில் இறங்குவதைவிட எண்ணைக் கொடுத்துவிடுவதே மேல் என்று முடிவானது. யாரும் சந்தோஷமாக எழுந்துபோகவில்லை. காலையில் என்னை அழைத்துப்போவதாக அந்த வெளுத்த சட்டைக்காரர் சொன்னார். அவர் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றார்.

“எங்க பொண்ண வேற ஊர்ல குடுத்துட்டோம் யக்கா. அதுக்கப்பறம் அது முன்னாடிகூட அந்த எடத்தப் பத்திப் பேசமாட்டோம். பொண்ணுகிட்டயே சொல்லாதத்த இப்ப பேப்பர்ல எழுதப்போற. பாத்து எழுது.”

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாசி மாதக் காலை. கடல் இஸ்திரி போட்ட மாதிரி கிடந்தது. பைபர் படகில் நாங்கள் இரண்டு பேர்தான். கரையில் இருந்து பார்க்கும்போது கடல் எனக்கு ஓர் ஓரம், சாலை முடிகிற இடம். அதற்குள் போனதும்தான் நிலம் ஓரமாகிப்போனது. ஓர் ஆமை படகுக்குப் பக்கத்தில் தலையைத் தூக்கி மூச்சு விட்டது. கிழவர் பெருமூச்சு விடுகிற அதே சத்தம். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனது. நான் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது.

அவர் பெட்டியில் இருந்த ஜி.பி.எஸ். கருவியை எடுக்கவே இல்லை. கரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

“எதைப் பார்க்கறீங்க?” என்று கேட்டேன்.

“தோ, மலை.”

பார்த்தேன். எங்கள் மலை. திருக்கழுக்குன்றத்து மலை, கரையையெல்லாம் தாண்டி, தென்னைகளுக்கு மேலே, உச்சியில் கோயிலோடு சின்னதாக நின்றது. அதன் அடிவாரத்தில் நான் கோலி விளையாடியிருக்கிறேன், ராட்டினம் சுற்றியிருக்கிறேன், அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். அத்தனை வருஷமும் இங்கே இருந்து யாரோ அதைப் பார்த்துக்கொண்டு, அதற்கு நேராக இன்னொரு அடையாளத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, கடலுக்கு அடியில் கிடக்கும் ஒரு கல்லைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்போது அவர் வைத்திருக்கும் அந்த இன்னொரு அடையாளம் பழையதுகூட இல்லை, புதிதாகக் கட்டிய ஒரு கட்டடம். “அத்தக் கட்டுனதுலருந்து இன்னும் சுளுவா கீது” என்று அவர் சொன்னார். அது எந்தக் கட்டடம் என்று நான் இங்கே எழுதமாட்டேன்.

எஞ்சினை நிறுத்தினார். “படு.”

“என்னது?”

“படகுத் தரையில காத வச்சிப் படு மேடம். உன் வேலயே அதான்னு சொன்னியே.”

ஈரமும் மீன் வாசனையுமாக இருந்த தரையில் படுத்துக் காதை வைத்தேன். முதலில் தண்ணீர் தட்டுகிற சத்தம். பிறகு அதற்கு அடியில், வேறு ஏதோ. சட்டியில் எண்ணெய் காய்ந்து அப்பளம் பொரிகிற சத்தம், ஒரு சட்டி இல்லை, ஒரு கல்யாணத்துக்கே பொரிக்கிற மாதிரி. இடைவிடாமல் பொரிந்துகொண்டே இருந்தது. நடுநடுவே யாரோ கட்டையைத் தட்டுவது போல ‘டொக் டொக்’. எங்கோ ஆழத்தில் ஓர் உறுமல், அது மீனாம். பதினைந்து வருஷமாக என் காது மனிதக் குரலைத்தான் கேட்டு எழுதியிருக்கிறது. மனிதர் ஒருவர்கூட இல்லாத இடத்தில் இத்தனை பேச்சு நடந்துகொண்டிருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

அவர் எஞ்சினைப் போட்டுக் கொஞ்ச தூரம் தள்ளிக் கொண்டுபோய் மறுபடி நிறுத்தினார். “இப்ப கேளு.” கேட்டேன். தண்ணீர் மட்டும்தான். “மணலு” என்றார். துடுப்புப் போட்டு மெல்ல மெல்ல பழைய இடத்துக்கு வந்தார். நான் தரையிலிருந்து எழவில்லை. முதலில் ஒன்றிரண்டு பொரிந்தது, பிறகு பத்து, பிறகு நூறு, தூரத்தில் இருந்து ஒரு சந்தைக்குள் நடந்து போகிற மாதிரி அந்தச் சத்தம் என் காதுக்கு அடியில் வந்து நிறைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது, இவ்வளவு இருக்கிறதே என்றுதான்.

விரல் நீளத்துக்குக் கூட இல்லாத ஒரு வகை இறால் கொடுக்கைச் சொடுக்குகிற சத்தம் அது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அவருக்கு அந்த விவரம் தேவைப்படவில்லை. “இந்தச் சத்தம் கீதுன்னா மீனு கீதுன்னு அர்த்தம்” என்றார். கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி என் கையில் கொடுத்தார். அடியில் ‘ணங்’ என்று கல் தட்டியது உள்ளங்கைக்குத் தெரிந்தது. மேலே இழுத்தபோது குண்டில் ஆரஞ்சு நிறத்தில் இறகு மாதிரி ஒரு கிளை சிக்கிக்கொண்டு வந்தது. அதில் அரிசி அளவு நண்டு ஒன்று, தன் வீட்டைப் பெயர்த்துக்கொண்டு வந்த எங்களை நோக்கிக் கொடுக்கை உயர்த்தியது. அவர் சிரித்து, அதை அப்படியே தண்ணீரில் விட்டார்.

“காத்தாடி வேணாம்னு நாங்க சொல்லல மேடம். காத்து எல்லாருக்கும் பொது. எங்க வூட்லயும் கரன்ட்டு ஓணும். ஆனா அந்தத் தூண அடிச்சி எறக்குவாங்களாமே, இரும்பு மேல இரும்பு?”

“ஆமா.”

“அப்ப இதுங்கல்லாம் இன்னா பண்ணும்?”

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் சொன்னேன்.

அவர் பெருமூச்சு விட்டுப் பெட்டியைத் திறந்து ஜி.பி.எஸ். கருவியை எடுத்தார். பொத்தானை அழுத்தி, திரையைத் தன் வேட்டியால் துடைத்து, என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். அவர் முகம் என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“தோ. பாரு.”

அந்தச் சொல்லை நான் எத்தனை தடவை வெட்டியிருப்பேன். இந்தத் தடவை அது உண்மையிலேயே ‘பார்’ என்றுதான் அர்த்தம். பெற்ற பெண்ணுக்கும் சொல்லாத எண்ணை, நான் செய்த தப்பை மூடுவதற்காக அவர் எடுத்து நீட்டுகிறார். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

“பார்க்கமாட்டேன்.”

“இன்னாச்சு, வாந்தி வருதா?”

“வாந்தியும் இல்ல ஒண்ணும் இல்ல. அத்த உள்ள வையி அண்ணே. நாந்தான் வெட்டுனேன், நானே போய்ச் சொல்லிக்கிறேன். நீங்க இன்னாத்துக்குக் குடுக்கணும்?”

என் வாயிலிருந்து ‘இன்னா’ வந்ததை நானே கேட்டேன். முப்பது வருஷம் கழுவியும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. பெட்டி மூடுகிற சத்தம் கேட்டபிறகுதான் கண்ணைத் திறந்தேன். அவர் எஞ்சினைப் போட்டுப் படகைக் கரைக்குத் திருப்பினார். இறங்கும்போது, “பாத்து எறங்கு யக்கா” என்றார். அதுவரை நான் மேடம்.

வியாழக்கிழமை பொத்தேரியில் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, பொறுப்பாளர் மேஜையிலேயே எழுதினேன். மக்கள் ஒன்பது பெயர்களைச் சொன்னார்கள். அவற்றை நீக்கியது நான். பிழை முழுக்க என்னுடையது. கையெழுத்து. அவர் இரண்டு முறை படித்தார்.

“எண் கிடைக்கலையா?”

“நான் கேட்கலை.”

அவர் தாளை மடித்துக் கோப்பில் வைத்தார். பிறகு, “இதை நான் மேலே அனுப்பித்தான் ஆகணும் மேடம். அனுப்பறேன்” என்றார். நான் எழுந்தபோது, “அங்க என்ன இருந்தது?” என்று கேட்டார். அப்பளம் பொரிந்தது என்றேன். அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொள்ளவும் இல்லை.

வேலை நின்றுவிட்டது. கணவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், “சரி வுடு, இனிமே நெஜமாவே பாட்டு கேளு” என்றார். நான் பாட்டு கேட்கவில்லை. அந்த மூன்று மணி நேரப் பதிவை யாரும் சொல்லாமலே மறுபடி எழுத்தாக்கினேன். சில இடங்களில் ‘பாரு’ கல்லா பார்வையா என்று இப்போதும் எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு அனுப்பிவைத்தேன்.

சித்திரை பிறந்து சில நாள் கழித்துத் திருத்திய அறிக்கையை அதே கூடத்தில் படித்தார்கள். படித்தது என் இடத்துக்கு வந்த புதுப் பெண். நான் யாரும் அழைக்காமல் போய், பெண்களோடு தரையில் உட்கார்ந்தேன். சுவரில் புது வரைபடம். அந்தக் கட்டத்தில் சிவப்புப் புள்ளிகள் இல்லை. ஊர்க்காரர்களோடு சேர்ந்து முழுதாக ஆராயும்வரை அங்கே எந்தத் தூணுக்கும் இடம் குறிக்கப்படாது என்று அந்தப் பெண் படித்தாள். அது என்றென்றைக்குமான வாக்கு இல்லை. எனக்கும் தெரியும், அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். காலி என்ற சொல் மட்டும் போய்விட்டது.

பிறகு பெயர்களைப் படித்தாள். கோயிலுப்பாரு. ரெட்டப்பாரு. நடுப்பாரு. ஒவ்வொரு பெயருக்கும் கூடத்தில் யாரோ ஒருவர் “ஆமா” என்றார். ஒன்பது பெயர், ஒன்பது ஆமா. என் பக்கத்தில் இருந்த மீன்காரப் பெண் ஒன்பதுக்கும் சேர்த்து உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

படித்து முடித்ததும் அந்தப் பெண் பேனாவைத் திறந்து, “இதெல்லாம் சுமாரா எந்தப் பக்கம்னு சொன்னா குறிச்சுக்குவேன்” என்றாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள் கண் என் மேல் வந்து நின்றது. “அக்கா, நீங்க போய்ப் பார்த்துட்டு வந்தீங்களாமே. எந்தப் பக்கம்?”

கூடம் மொத்தமும் என்னைப் பார்த்தது. வெளுத்த சட்டைக்காரர் தூணிலிருந்து நிமிர்ந்தார்.

“கடல் பக்கம் கீது” என்றேன்.

மீன்காரப் பெண் சிரித்துக்கொண்டே கொஞ்சம் நகர்ந்து, நான் சாய்ந்துகொள்ளச் சுவரோரம் இடம் விட்டார்.